எந்த எண்ணிக்கையில் எழுந்து ஓடுவது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் உயிரினம் அற்றுப்போனதாகச் செய்தி வரும்போதெல்லாம், கூடவே "இன்னும் ஆய்வுகள் தேவை" என்ற கோரிக்கையும் வந்துவிடுகிறது. ஆய்வு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் கைநழுவிப் போன உயிரினங்களை எடுத்துப் பார்த்தால், தகவல் தெரியாமல் போனவற்றைவிட, தகவல் மேசைமேல் இருந்தபோதே போனவைதான் நெஞ்சை அதிகம் உறுத்துகின்றன. பல்லுயிர்களுக்கு வரப்போகும் ஆபத்துகளை அரசின் அறிவியல் நிறுவனங்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பது பற்றி இந்த அடிப்படையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட கிறிஸ்துமஸ் தீவில் ஒரு சிறு வௌவால் இருந்தது. எடை 3 கிராமிலிருந்து நாலரை கிராம் வரைதான். 1990-களிலிருந்தே ஒலியுணர் கருவிகளை வைத்து அதன் நடமாட்டத்தை அளந்து வந்தார்கள். எண்ணிக்கை சரிந்துகொண்டே போவது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் காரணம் எறும்பா, பாம்பா, பூனையா, நோயா என்ற கேள்விக்குக் கடைசி வரை விடை கிடைக்கவில்லை. 2009 ஜனவரியில் மிஞ்சியிருந்தவை அதிகம் போனால் இருபது இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். பிடித்துவந்து காப்பகத்தில் பெருக்குவதற்கு அனுமதி கிடைத்தது ஜூலையில். ஆகஸ்டில் குழுவினர் போய் இறங்கியபோது ஒரே ஒரு வௌவாலின் ஒலிதான் கருவியில் விழுந்தது. எவ்வளவு முயன்றும் அது பிடிபடவில்லை. ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அந்த ஒலியும் இல்லை.

அதே தீவில், கிட்டத்தட்ட அதே மாதங்களில், வேறு முடிவும் எடுக்கப்பட்டது. நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் வேகமாகக் குறைந்து வந்ததால், காரணம் தெரியும்வரை காத்திராமல் 2009, 2010-இல் கிடைத்தவற்றைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று இவை இரண்டும் அந்தத் தீவின் காட்டில் இல்லை, காப்பகத்தில் பெருகி வாழ்கின்றன. நீலவால் அரணையை 2019-இல் கோகோஸ் தீவுக் கூட்டத்தில் ஒரு சிறு தீவில் விடவும் முடிந்தது. மூன்றாவதாகக் காட்டு அரணை. அதில் கைக்கு வந்தவை மூன்றே மூன்று, மூன்றும் பெண். ஆண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசிப் பெண் அரணை 2014 மே 31 அன்று இறந்தது. ஒரே தீவு, ஒரே காலம், சில மாத வித்தியாசத்தில் மூன்று வெவ்வேறு முடிவுகள்.

இதனால்தான் ஒவ்வொரு கண்காணிப்புத் திட்டத்துக்கும் ஒரு "செயல் தாள்" இருக்க வேண்டும் என்கிறேன். ஒரே பக்கம் போதும். எதை அளக்கிறோம், அது எந்த எண்ணைத் தொட்டால் செயலில் இறங்குவது, யார் கையெழுத்துப் போடுவது, அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார், எத்தனை நாளுக்குள், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம், எந்த அனுமதி முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கிறது. இவ்வளவுதான். எண் சரிந்த பிறகு இந்தத் தாளை எழுத உட்காரக் கூடாது. அப்போது எல்லோருமே "இன்னொரு பருவம் பார்ப்போம்" என்பார்கள். சரிவு உறுதியாக வேண்டும் என்ற அவர்களுடைய தயக்கம் அறிவியல் பயிற்சியிலிருந்து வருவது, அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் உறுதி 95 விழுக்காட்டை எட்டும் நாளில் விலங்கு மிஞ்சியிருக்காது. ஆகவே இரண்டு எண்களை வைப்பது நல்லது. முதல் எண்ணில் கூண்டு, வலை, அனுமதி, பயண ஏற்பாடு எல்லாம் தயாராகிவிட வேண்டும், செலவு குறைவு. இரண்டாவது எண்ணில் பிடிப்பது. இனப்பெருக்கத்துக்கு ஆணும் பெண்ணும் போதுமான அளவில் கிடைக்கும் நிலையிலேயே அந்த இரண்டாவது எண்ணை வைக்க வேண்டும். காட்டு அரணைக்கு நடந்ததை நினைத்துக்கொண்டால் இது புரியும்.

எண்ணோடு கூடிய எச்சரிக்கைக்கு நல்ல முன்மாதிரி பவளப்பாறைகளில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகம், ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதச் சராசரியைவிடக் கடல் நீர் 1 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாக இருக்கும் வாரங்களில், எத்தனை டிகிரி கூடுதல் என்பதை 12 வார அளவில் கூட்டிக்கொண்டே வருகிறது. கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் பவளம் நிறமிழக்கும் வெளிறல் தொடங்கும், 8-ஐத் தொட்டால் பரவலான வெளிறலும் சாவும் வரும் என்பது கணக்கு. வெப்பம் பழைய அளவுகோலைத் தாண்டியதால் 2023 டிசம்பரில் 20 வரை புதிய படிகளைச் சேர்த்தார்கள். 2023 கோடையில் புளோரிடாவில் கடல் கொதித்தபோது நீரடி நாற்றங்கால்களில் வளர்ந்த பவளத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கரைக்குக் கொண்டுவந்து தொட்டிகளில் வைத்தது இந்த மாதிரி எண்களைப் பார்த்துத்தான். தொட்டி, பம்பு, குளிர்விப்பான், ஜெனரேட்டர், படகோட்டி இவை முன்பே இல்லையென்றால் செயற்கைக்கோள் படம் மட்டும் ஒரு பவளத்தையும் தூக்கி வந்திருக்காது. அப்படியும் கடலிலேயே இருந்த மான்கொம்புப் பவளங்களில் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை. தயாரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

வேகம் என்ன செய்யும் என்பதற்குக் காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற கடற்பாசி தரும் பாடத்தைவிடத் தெளிவானது இல்லை. 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு அடியில் கடலுக்குள் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அது காணப்பட்டது. ஒரு மூழ்காளர் ஒரு மதியத்தில் பிடுங்கியிருக்கலாம். யாருடைய பொறுப்பு, எங்கிருந்து வந்தது, உண்மையிலேயே கெடுதலா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2000-க்குள் மத்தியதரைக் கடலில் ஆறு நாடுகளின் கரையோரம் பரவிவிட்டது. அதே பாசி 2000 ஜூனில் கலிபோர்னியாவின் ஆகுவா ஹெடியோண்டா காயலில் தென்பட்டது. கடற்புல் நடவைச் சரிபார்க்க இறங்கிய மூழ்காளர்கள் கண்ணில் பட்டது. அங்கே நிலைமை வேறு. ஐரோப்பிய அனுபவத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்கா 1999-லேயே அதைத் தடை செய்யப்பட்ட களைகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. கண்டுபிடித்த 17-ஆம் நாள் வேலை தொடங்கியது. பாசித் திட்டுகளின் மேல் கறுப்பு பிவிசி விரிப்பைப் போர்த்தி, ஓரங்களை மணல் மூட்டையால் அழுத்தி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் மூழ்கித் தேடினார்கள். 2006-இல் முழுக்க ஒழிந்ததாக அறிவித்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் டாலர். பெரிய தொகைதான். ஆனால் அயல் ஊடுருவல் இனங்களால் உலகம் முழுதும் ஏற்படும் ஆண்டு இழப்பு 2019-இல் 42,300 கோடி டாலருக்கு மேல் என்றும், அதில் 92 விழுக்காடு நேரடிப் பாதிப்பு, 8 விழுக்காடு மட்டுமே தடுக்கவும் கட்டுப்படுத்தவும் செலவாகிறது என்றும் பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது. அறிவியல் நிறுவனங்களுக்கு ஒப்புதல் கேட்காமலே எடுத்துச் செலவிடக்கூடிய ஓர் அவசர நிதி வேண்டும். நிதியாண்டு முடிந்தாலும் அது திரும்பிப் போகக் கூடாது. ஆபத்து மார்ச் 31 பார்த்து வருவதில்லை.

வராத ஆபத்தை முன்கூட்டியே யோசிப்பது எப்படி? ஜோதிடம் வேண்டாம், முறை இருக்கிறது. பிரிட்டனில் உயிரினப் பாதுகாப்பு அறிஞர் வில்லியம் சதர்லேண்டும் அவருடைய கூட்டாளிகளும் ஆண்டுதோறும் நடத்தும் தொலைநோக்குத் தேடலில், இருபது முப்பது வல்லுநர்கள் ஆளுக்குச் சில தலைப்புகளைக் கொடுக்கிறார்கள். அவை தொகுக்கப்பட்டு எல்லோருக்கும் போகின்றன. யார் கொடுத்தது என்று தெரியாமல் ஒவ்வொருவரும் 1 முதல் 1000 வரை மதிப்பெண் இடுகிறார்கள். வடிகட்டியதை வைத்து விவாதம், பின் மறுபடியும் இரகசிய மதிப்பெண், கடைசியில் 15 தலைப்புகள். 2010-இல் வெளியான முதல் பட்டியலிலேயே நுண்பிளாஸ்டிக் இருந்தது. அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. இதை அரசு அலுவலகத்தில் செய்யும்போது கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: தலைவர் முதலில் பேசிவிடுகிறார், மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். மதிப்பெண் பெயரில்லாமல் இருக்க வேண்டும், கூட்டத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். துறைமுகச் சரக்கு, செல்லப்பிராணி வணிகம், மருந்து, பூச்சிக்கொல்லி, மின்நிலையம் இவற்றில் வேலை செய்பவர்களும் குழுவில் இருக்க வேண்டும். உயிரியலாளர்கள் மட்டும் கூடினால் ஏற்கெனவே தெரிந்த ஆபத்துகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வோம்.

பட்டியல் எழுதுவதோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2014-இல் பிரிட்டனில், அடுத்து நுழையக்கூடிய அயல் இனங்கள் எவை என்ற இப்படியொரு தேடலில் முதலிடம் பெற்றது குவாகா சிப்பி என்ற நன்னீர்ச் சிப்பி. அதே ஆண்டு அக்டோபரில் லண்டனுக்கு மேற்கே ஒரு சிற்றாற்றில் அது கிடைத்தது. கணிப்பு துல்லியம், ஆனால் அதற்குள் அந்தச் சிப்பி அங்கே குடியேறிவிட்டது. இதற்கு மாறாக, பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்விகளான சாலமாண்டர்களைக் கொல்லும் ஒரு பூஞ்சையை 2013-இல் நெதர்லாந்தில் அடையாளம் கண்டார்கள். அங்கே நெருப்புச் சாலமாண்டர்களில் நூற்றுக்கு நான்குதான் மிஞ்சியிருந்தன. ஆசியாவிலிருந்து செல்லப்பிராணி வணிகம் வழியாக வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தவுடன், அந்தப் பூஞ்சை தன் மண்ணில் இல்லாத நிலையிலேயே அமெரிக்கா 2016 ஜனவரியில் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. பிறகு 10,000-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்விகளைச் சோதித்தும் பூஞ்சை கிடைக்கவில்லை. நுழையும் வழியை முன்பே கண்டுபிடித்து அடைத்ததுதான் வேறுபாடு.

சோதித்தோம், கிடைக்கவில்லை என்னும்போது ஒரு சிறு கணக்கை எல்லா அறிக்கைகளும் சேர்த்தே சொல்ல வேண்டும். 60 விலங்குகளைச் சோதித்து ஒன்றிலும் நோய் இல்லையென்றால், நோய் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் 95 விழுக்காட்டு உறுதியோடு சொல்லலாம். 300-இல் இல்லையென்றால் 1 விழுக்காட்டுக்குக் கீழே. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் இது வந்துவிடும். சோதனை பாதியைத் தவறவிடும் ரகம் என்றால் இரண்டு மடங்கு விலங்குகள் தேவை. களத்தில் ஓர் இனத்தைத் தேடும்போதும் அப்படியே. ஒரு முறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு பத்தில் மூன்று என்றால், இல்லை என்று எழுதுவதற்கு முன் 9 முறை போக வேண்டும். மூன்று முறை போய்விட்டு "இல்லை" என்று எழுதிய அறிக்கைகளை நம்பி அணைகளும் சாலைகளும் வந்திருக்கின்றன.

இன்று பல நிறுவனங்கள் சூழல் டிஎன்ஏ முறைக்கு மாறி வருகின்றன. நீரில் உதிர்ந்து கிடக்கும் செல்களிலிருந்து உயிரினத்தை அடையாளம் காண்பது. மிக நல்ல கருவி, ஆனால் கை சுத்தமில்லையென்றால் பொய் சொல்லும். ஓர் இடத்தில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் நீர் எடுக்க வேண்டும். எடுப்பவர் நீரோட்டத்தின் கீழ்ப்புறம் நின்று மேல்நோக்கிக் குப்பியை நீட்ட வேண்டும். மேலே நின்றால் முந்தைய ஊர் சேறு அவருடைய காலணியிலிருந்து கழுவி வந்து குப்பியில் விழும். ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை. காலணியை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து கழுவ வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் சுத்தமான வடிநீர்க் குப்பி ஒன்றைக் களத்திலேயே திறந்து, மற்றவற்றைப் போலவே வடிகட்டிச் சோதிக்க வேண்டும். அதில் டிஎன்ஏ வந்தால் அன்றைய மாதிரிகள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. கலங்கிய நீரில் 0.45 மைக்ரான் வடிதாள் இரண்டு மூன்று நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அழுத்திக் கிழிக்காமல் தாளை மாற்றி, எத்தனை மில்லி உள்ளே போனது என்று எழுதிவைக்க வேண்டும். நீரைக் குளிரிலும் இருட்டிலும் வைத்து அன்றே வடிகட்டி, தாளைத் தூய எத்தனாலில் போட்டுவிட வேண்டும்.

ஆய்வகத்திலும் இப்படித்தான். இலைகள் மட்கிய பழுப்பு நீரில் உள்ள ஹியூமிக் அமிலம், டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வினையை நிறுத்திவிடும். பார்ப்பவருக்கு அது "இனம் இல்லை" என்று தெரியும். எனவே ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த டிஎன்ஏ ஒன்றைச் சேர்த்து, அது பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். பெருகவில்லையென்றால் பத்துக்கு ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். மாறாக, கொக்கின் எச்சமும், படகின் அடித்தளமும், கழிவுநீரும் எங்கோ இருந்த மீனின் டிஎன்ஏவை இங்கே கொண்டுவரும். டிஎன்ஏ கிடைத்தால் மீன் இருக்கிறது என்று ஆகிவிடாது. எத்தனை குழாய்களில் வந்தால் நேர்மறை, எத்தனை நாளுக்குள் மறுமாதிரி, எப்போது வலையோடு போவது என்பதெல்லாம் அந்தச் செயல் தாளில் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பீதி, மறுபக்கம் அலட்சியம்.

இப்போது எடுத்துவைக்கும் மாதிரிகளின் அருமை பிறகுதான் தெரியும். 2013-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நட்சத்திர மீன்கள் உருகிச் சாகத் தொடங்கின. முதலில் ஒரு வைரஸ் மீது சந்தேகம் விழுந்தது, பின்னர் அது நிற்கவில்லை. விப்ரியோ வகை பாக்டீரியா ஒன்றுதான் காரணம் என்று 2025-இல்தான் நிறுவப்பட்டது. அந்தக் கிருமி இருந்தது உடற்குழித் திரவத்தில். பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டது உடல் திசு. இதிலிருந்து வழிகாட்டுதல் ஒன்று எழுதலாம்: காரணம் தெரியாத சாவு என்றால், உயிரோடு உள்ளது, நோயுற்றது, இறந்தது மூன்றிலிருந்தும் திசு, திரவம், குடல், சுற்றுநீர் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு பங்கு மைனஸ் 80 டிகிரியில், ஒரு பங்கு எத்தனாலில், ஒரு பங்கு ஃபார்மலினில். ஃபார்மலின் திசுவின் வடிவத்தைக் காக்கும், டிஎன்ஏவைச் சிதைக்கும். அதில் மட்டும் போட்டுவைத்துவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து இரண்டு ஊர்களில் வைக்க வேண்டும். 2018 செப்டம்பர் 2 அன்று ரியோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்ததை மறக்கலாகாது. பழைய சேகரிப்பு என்ன தரும் என்பதற்குச் சான்று, பிரிட்டன் பறவை ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப் 1967-இல் அருங்காட்சியக முட்டைகளை எடைபோட்டு, பருந்தினங்களின் முட்டை ஓடு 1940-களின் இறுதியிலிருந்து மெலிந்ததைக் காட்டியது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மேல் பழி நிலைத்தது அதன் பிறகுதான். 1988-இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020 டிசம்பரில் கீரி போன்ற சிறு விலங்கான கருங்கால் ஃபெரெட் ஒன்று நகலாகப் பிறந்தது. உறையவைத்தவர்களுக்கு அன்றைக்கு நகலாக்கும் வழி தெரியாது.

அடுத்தது, ஆபத்து வேறொரு துறையின் கோப்பில் இருந்து வருவது. பாறு கழுகுகளுக்கு நேர்ந்தது அது. தெற்காசியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்ததற்குக் காரணம், மாடுகளுக்கு வலி நீக்கியாகப் போடும் டைக்ளோஃபெனாக். அந்த மருந்து கலந்த சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிந்துவிடும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். 2004-இல் காரணம் வெளியானது, 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. பாதுகாப்பான மாற்றாக மெலாக்ஸிகாம் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்ற விதி 2015-இல் வந்தது. அதே கெடுதலைச் செய்யும் கீட்டோப்ரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் இந்தியா தடை செய்தது 2023-இல். ஒவ்வொரு மருந்துக்கும் கழுகுகள் செத்துக் காட்ட வேண்டியிருந்தது. கால்நடை மருந்துக்கு உரிமம் கொடுக்கும்போதே பிணந்தின்னிப் பறவைகளுக்குப் பாதுகாப்பா என்ற சோதனையைக் கட்டாயமாக்கும் அதிகாரம், அல்லது குறைந்தது தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம், வனவிலங்கு அறிவியல் நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிக்கும் இதேதான்.

கடைசியாக, ஒத்திகை. தீயணைப்புத் துறை செய்வதைப் பல்லுயிர்த் துறைகள் செய்வதில்லை. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில், ஆசியாவிலிருந்து வந்து ஊடுருவிய ராட்சதக் குளவியின் கூட்டைத் தேட, பிடிபட்ட குளவி மேல் சிறு ரேடியோ கருவியை ஒட்டினார்கள். பசை சரியாக உலராததால் வேலை கெட்டது. பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் கட்டி அனுப்பினார்கள், கூடு கிடைத்தது. உள்ளே ஏறக்குறைய 200 ராணிகள். சில வாரங்கள் தாமதித்திருந்தால் அவை வெளியேறி ஒவ்வொன்றும் ஒரு கூடு கட்டியிருக்கக்கூடும். மூன்றாண்டுகள் ஒன்றும் கிடைக்காத பிறகு, 2024 டிசம்பரில் ஒழிந்ததாக அறிவித்தார்கள். பசையா நூலா என்ற இந்தச் சிறு விஷயம்தான் ஒத்திகையில் முதல் நாளே தெரிந்திருக்கும். ஹவாயில் துறவிக் கடல்நாய்களுக்குத் தட்டம்மை வகையைச் சேர்ந்த மார்பிலி வைரஸ் வருவதற்கு முன்பே 2016 முதல் தடுப்பூசி போடுகிறார்கள். கலிபோர்னியக் கான்டர் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவைகளோ 2023-இல் பறவைக்காய்ச்சலில் 21 இறந்த பிறகுதான் அவசர அனுமதியோடு தடுப்பூசி பெற்றன.

ஒத்திகைக்குப் பெரிய மாநாடு வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, அறிவிப்பில்லாமல், கடலோர அலுவலகம் ஒன்றிலிருந்து "இருநூறு பறவைகள் செத்துக் கிடக்கின்றன" என்று அழைத்துப் பாருங்கள். தொலைபேசியை எடுப்பது யார், பாதுகாப்பு உடை எத்தனை இருக்கிறது, உலர்பனிக்கட்டி யாரிடம் கிடைக்கும், ஆய்வகத்தில் மாதிரியை வாங்க ஞாயிறு வரை ஆள் உண்டா, வண்டிக்கு டீசல் கூப்பன் யார் தருவது, அந்தப் பறவையின் இனத்தைச் சரியாகச் சொல்ல வகைப்பாட்டியலாளர் யாராவது பணியில் மிஞ்சியிருக்கிறாரா. இந்த ஆறு கேள்விகளுக்கும் கிடைத்த பதிலை, கிடைக்காததையும் சேர்த்து, நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும்; பக்கத்திலேயே எந்தெந்த இனங்கள் அந்த ஆண்டு தங்கள் செயல் எண்ணைத் தொட்டன, தொட்ட எத்தனையாவது நாளில் வேலை தொடங்கியது என்பதையும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்